மிச்சமிருக்கும் நடையையும் இழக்கலாமா?

ஆட்டுக்கல் இருந்த இடத்துக்கு கிரைண்டர் வந்தபோது தமிழ்நாட்டில் எந்தப் பெண்ணும் வருத்தப்பட்டிருக்க மாட்டார். ஊறவைத்த உளுந்தைக் குழியில் போட்டு, வலக் கையால் குழவியைச் சுற்றிக்கொண்டே இடக் கையால் மாவை உள்ளே தள்ளிவிட வேண்டும். கை சற்றுப் பிந்தினால் விரல் நசுங்கும். உளுந்து முடிந்தால் அரிசி. தோள்பட்டை கடுக்கும், மடக்கிய கால் மரத்துப்போகும். மாவை வழித்தெடுத்து, கல்லைக் கழுவிவிட்டு எழும்போது இடுப்பு உடனே நிமிராது. அத்தோடு வேலை முடிந்துவிடுவதும் இல்லை. அம்மியில் மசாலா, துவைகல்லில் துணி, தெருக்குழாயில் தண்ணீர் என்று அடுத்தடுத்துக் காத்திருக்கும். கோவையில் உருவாகிப் பரவிய மின்சார கிரைண்டரும், பின்னால் வந்த மிக்ஸியும், 2011இல் தமிழ்நாடு அரசு இவ்விரண்டையும் மின்விசிறியோடு சேர்த்து விலையில்லாமல் வழங்கத் தொடங்கியதும் பெண்களின் முதுகிலிருந்து இறக்கிவைத்த சுமை கொஞ்சநஞ்சமல்ல. அம்மியில் அரைத்த காலத்தில் எல்லோரும் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று பேசுகிறவர்கள், அரைத்தவர்களின் முதுகுவலியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எனவே, கருவிகள் மனிதரைச் சோம்பேறியாக்கிவிட்டன என்ற பழைய புலம்பலில் பயனில்லை. உடலை நோகடிக்கும் உழைப்பிலிருந்து விடுபட எல்லோருக்கும் உரிமை உண்டு. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இடுப்பொடிக்கும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது, சரி. இப்போது அது எதை எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருக்கிறது?

பத்து நிமிடத்தில் பால் பாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுக்கும் செயலி. மின்கட்டணம் முதல் வங்கி வேலைவரை உட்கார்ந்த இடத்தில் முடித்துத்தரும் கைபேசி. தரையைத் தானே கூட்டித் துடைக்கும் ரோபோ. சொன்ன சொல்லுக்கு அணையும் விளக்கு. சில நகரங்களில் ஓட்டுநரே இல்லாமல் வாசலில் வந்து நிற்கும் கார். இவை நம் தலையிலிருந்து எந்தப் பாரத்தையும் இறக்கிவைப்பதில்லை. கடைக்கு நடப்பது, படியேறுவது, குனிந்து நிமிர்வது, எழுந்துபோய் ஒரு பொருளை எடுத்துவருவது போன்ற சின்னச் சின்ன அசைவுகளைத்தான் இவை எடுத்துக்கொள்கின்றன. யாருக்கும் நோவு தராத இந்த அசைவுகள் இல்லாவிட்டால் உடல் நலிந்துபோகும். முதல் தலைமுறைக் கருவிகள் உழைப்பின் மிகுதியைக் குறைத்தன. அடுத்த தலைமுறைக் கருவிகளோ அசைவின் மிச்சத்தையே வழித்தெடுக்கின்றன. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதக் கூடாது.

பாதிப் பேர் அசைவதில்லை

உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்களும் பங்கேற்ற விரிவான ஆய்வொன்று 2024 ஜூனில் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வெளியானது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலியக்கம் என்பது அதன் அளவுகோல். நாளொன்றுக்கு இருபத்திரண்டு நிமிட விறுவிறு நடை என்று வைத்துக்கொள்ளலாம். இதைக்கூட எட்டாத பெரியவர்கள் இந்தியாவில் 2000இல் ஏறத்தாழ 22% பேர். 2022இல் ஏறத்தாழ பாதிப் பேர். இதே போக்கு நீடித்தால் 2030இல் இது 60%ஐத் தொடும் என்று அந்த ஆய்வு மதிப்பிடுகிறது. உலகச் சராசரி 31% மட்டுமே.

இன்னொரு கணக்கையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்த ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக அது மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4% பேருக்கு, அதாவது ஏழு பேரில் ஒருவருக்கு, சர்க்கரை நோய். உணவு, மரபு, மன அழுத்தம் எனக் காரணங்கள் பல. ஆனால், உண்ட சர்க்கரையைப் பெருமளவு உள்வாங்கிச் செலவழிப்பவை தசைகள். அவை நாள் முழுக்கச் சும்மா கிடந்தால் சர்க்கரை இரத்தத்திலேயே தங்கும்.

உடலியக்கம் போதாதவர்களில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது. இந்தியாவில் ஆண்களில் 42%, பெண்களில் 57%. ஆட்டுக்கல்லிலிருந்து மீண்ட நேரம் பெண்ணுடைய சொந்த நேரமாக மாறியிருந்தால் இந்த எண் இப்படி இருந்திருக்காது. அந்த நேரத்தை அலுவலகமும், பிள்ளைகளின் வீட்டுப்பாடமும், வீட்டுப் பெரியவர்களின் மருந்து மாத்திரையும் எடுத்துக்கொண்டன. அதற்குமேல் அரைமணி நேரம் மிஞ்சினாலும், மாலையில் செருப்பை மாட்டும்போதே “இந்த நேரத்துல எங்க கெளம்பிட்டே?” என்ற கேள்வி வரும். தெருவில் விளக்கு எரியாது. பூங்காவில் பெண்கள் உட்காரும் இடமாக ஒரு மூலை இருக்கும். ஓடும் இடமாக எதுவும் இருக்காது. இயந்திரம் உழைப்பைக் குறைத்தது. விளையாடும், நடக்கும், ஓடும் உரிமையை அதனால் தர முடியாது. சமூகம்தான் தர வேண்டும். அது இன்னும் தரவில்லை.

படியேறிய நடத்துநர்கள்

சின்ன அசைவுகளுக்கு இவ்வளவு முக்கியத்துவம் தர வேண்டுமா என்று கேட்கலாம். இதற்கான விடையை லண்டன் பேருந்துகள் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டன. ஜெரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் அவருடைய குழுவினரும் லண்டன் போக்குவரத்துப் பணியாளர்களை ஆராய்ந்து, 1953இல் ‘லான்செட்’ இதழில் முடிவுகளை வெளியிட்டனர். ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே மாடிப் பேருந்தில், ஒரே நகரத்தில் வேலை பார்த்தவர்கள். ஏறத்தாழ ஒரே பின்னணியிலிருந்து வந்தவர்கள். ஓட்டுநர் பணி நேரத்தின் பெரும்பகுதி உட்கார்ந்தே இருந்தார். நடத்துநர் பயணச்சீட்டு கொடுக்க ஒரு நாளில் 500 முதல் 750 படிகள் ஏறினார். நடத்துநர்களைவிட ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு அதிகமாக வந்தது. மாரடைப்பால் விரைவில் இறந்தவர்களும் அவர்களில்தான் அதிகம். பிறகு மோரிஸ் குழுவினர் பணியாளர்களுக்கு வழங்கப்பட்ட கால்சட்டைகளின் இடுப்பளவுகளையும் ஒப்பிட்டனர். ஓட்டுநர்களின் இடுப்பு பெரிதாக இருந்தது. அந்த வேறுபாடு பணியில் சேர்ந்த இளம் வயதினரிடமே தெரிந்ததால், எல்லாவற்றுக்கும் படிகளே காரணம் என்று அவர்கள் அவசரப்பட்டு முடிவுகட்டவில்லை. ஆனால், பின்னர் வேறு வேறு நாடுகளில் நடந்த எத்தனையோ ஆய்வுகள் அடிப்படைக் கருத்தை உறுதிசெய்துவிட்டன.

அந்த நடத்துநர்கள் தங்கள் இதயத்துக்காகப் படியேறவில்லை. மூட்டை தூக்கவும் இல்லை. வேலையோடு வேலையாக வந்த நடையும் ஏற்றமும்தான் அவர்களைக் காத்தன. நாளைய தொழில்நுட்பம் முதலில் கைவைப்பது சரியாக இந்த வகை அசைவின் மீதுதான்.

அசைவை அடியோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் ஓர் ஆய்வுக்காக ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் மீண்டும் சோதித்தபோது கிடைத்த முடிவு மருத்துவ உலகை உலுக்கியது. முப்பது ஆண்டு முதுமை அவர்களுடைய உடல்திறனில் உண்டாக்கிய இழப்பைவிட, இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை உண்டாக்கிய இழப்பு அதிகம். இதே ஆய்வு நம்பிக்கையும் தந்தது. ஐம்பது வயதில் அவர்களுக்கு ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தபோது, வயதால் போன திறன் திரும்பிவந்தது. உடல் கேட்பது தொடர்ந்த அசைவைத்தான். கொடுத்தால் எந்த வயதிலும் ஏற்றுக்கொள்கிறது.

எடை தாங்க வேண்டிய வேலையே இல்லாத விண்வெளியில், இடுப்பு போன்ற எலும்புகள் தடுப்பு முயற்சி இல்லாவிட்டால் மாதத்துக்கு 1 முதல் 1.5% அடர்த்தியை இழக்கின்றன. அதனால்தான் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். மனிதர் உருவாக்கிய ஆக நுட்பமான வீட்டில் வாழ்பவர்களின் அட்டவணையிலேயே உடற்பயிற்சி கட்டாயம் என்றால், தொழில்நுட்பம் வளர வளர அசைவுக்கான ஏற்பாடும் வளர வேண்டும் என்பதற்கு வேறு சான்று எதற்கு?

ஊசி தசையைத் தராது

இதற்கும் தொழில்நுட்பமே மருந்து கண்டுபிடித்துவிடாதா என்ற நம்பிக்கை இப்போது பரவியிருக்கிறது. எடையைக் குறைக்கும் புதிய ஊசிகள் 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. உடல் பருமனாலும் நீரிழிவாலும் துன்பப்படுவோருக்கு மருத்துவர் கண்காணிப்பில் இவை பெரும் துணை. அதைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால், எடை குறைவது வேறு, உடல் வலுப்பெறுவது வேறு. இந்த மருந்துகளால் குறையும் எடையில் கணிசமான பங்கு கொழுப்பல்லாத திசு. அதில் தசையும் அடங்கும். அதனால்தான் ஊசி போடும் மருத்துவர்களே தசைப் பயிற்சியையும் புரதத்தையும் வலியுறுத்துகிறார்கள். எலும்பு கெட்டிப்படுவது அதன்மீது பாரம் விழுவதால். இதயம் வலுவடைவது அதற்கு வேலை கொடுப்பதால். இந்த வேலையை நமக்குப் பதிலாக இன்னொன்று செய்ய முடியாது.

ஆங்கில எழுத்தாளர் இ.எம். ஃபார்ஸ்டர் 1909இலேயே ‘தி மெஷின் ஸ்டாப்ஸ்’ என்ற நெடுங்கதையில் இப்படியொரு எதிர்காலத்தைக் கற்பனை செய்தார். நிலத்தடி அறைகளில் தனித்தனியாக வாழும் மனிதர்களுக்குத் தேவையான எல்லாவற்றையும் இயந்திரமே தருகிறது. அங்கே உடல் வலு ஒரு குறையாகக் கருதப்படுகிறது. நம் காலம் அந்த இடத்துக்குப் போய்விடவில்லை. போயே தீரும் என்ற விதியும் இல்லை. அதற்கான சான்றும் உலகத்தில் இருக்கிறது.

வசதியான நாடுகள், நடக்கும் மக்கள்

ஜப்பானைவிடத் தொழில்நுட்பத்தில் ஊறிய நாடுகள் குறைவு. ஆனால், வளர்ந்த நாடுகளில் உடல் பருமன் மிகக் குறைவாக உள்ள நாடுகளில் அதுவும் ஒன்று. அளவான உணவு ஒரு காரணம். ரயிலை நம்பிக் கட்டப்பட்ட நகரங்கள் இன்னொரு காரணம்: நிலையம்வரை நடக்காமல் அங்கே அலுவலகம் போக முடியாது. தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் பெரும்பாலும் நடந்தே பள்ளிக்குப் போகிறார்கள். அன்றைக்குப் புதிய தொழில்நுட்பமாக இருந்த வானொலியை 1928இலேயே உடற்பயிற்சிக்குப் பயன்படுத்திய நாடு அது. காலை ஆறரை மணி ஒலிபரப்புக்கு இன்றும் பூங்காக்களில் மக்கள் சேர்ந்து கை கால்களை அசைக்கிறார்கள்.

நெதர்லாந்து இன்னும் தெளிவான பாடம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கும் கார்கள்தான் தெருக்களைப் பிடித்துக்கொண்டன. 1971இல் மட்டும் 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலை விபத்துகளில் இறந்தார்கள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, அரசு சாலைகளை மாற்றி அமைத்தது. இன்று அங்கே நான்கில் ஒரு பயணத்துக்கு மேல் மிதிவண்டியில் நடக்கிறது. மோட்டார் பொருத்திய மிதிவண்டியும் அங்கே ஏராளம். அது உடலைக் கெடுத்துவிட்டதா? ஏழு ஐரோப்பிய நகரங்களில் நடந்த ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. மின்மிதிவண்டி ஓட்டுபவர்கள் கூடுதல் தொலைவு போகிறார்கள். அதனால் அவர்களுடைய மொத்த உடலியக்கம் சாதாரண மிதிவண்டிக்காரர்களுடையதற்கு ஏறத்தாழ ஈடாகவே இருந்தது. மிதிக்கச் சொல்லும் கருவி, நல்ல பாதையும் கிடைத்தால், வயதானவர்களைக்கூட வெளியே கொண்டுவருகிறது.

அதேநேரத்தில், கருவி மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. 2016இல் உலகத்தையே தெருவில் இறக்கிய ‘போகிமான் கோ’ கைபேசி விளையாட்டைப் பற்றி ‘பிஎம்ஜே’ மருத்துவ இதழில் வந்த ஆய்வைச் சொல்லலாம். முதல் வாரத்தில் விளையாடியவர்களின் நடை நாளொன்றுக்கு சராசரியாக 955 அடிகள் கூடியது. ஆறாவது வாரத்தில் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. ஆர்வம் வடிந்துவிடும், சாலை அமைப்பு நிலைத்திருக்கும். ஒரு சமூகம் நடக்கிறதா, உட்கார்ந்திருக்கிறதா என்பதைத் தனிமனித வைராக்கியத்தைவிட ஊரின் அமைப்பே அதிகம் தீர்மானிக்கிறது.

யாருடைய கால்கள்?

நம் ஊரின் வசதிக்கு இன்னொரு முகமும் உண்டு. தெருமுனை அண்ணாச்சி கடைக்கு நாம் நடக்காத நடையை வேறொருவர் நமக்காக ஓடுகிறார். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, காவலாளியின் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டு, பையோடு நான்காம் மாடிக்கு ஏறுகிறார் அந்த இளைஞர். விநியோகப் பணியாளர்கள் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதிவைத்திருக்கும் குடியிருப்புகளும் உண்டு. வேகமாக இறங்கி, வெயிலிலும் புகையிலும் அடுத்த ஆர்டருக்குப் பறக்கிறார்.

அவருக்காவது அது உடற்பயிற்சிதானே என்று தேற்றிக்கொள்ள முடியாது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஆராய்ச்சி, கடும் உடலுழைப்பு வேலையில் இருக்கும் ஆண்களுக்கு அகால மரண வாய்ப்பு 18% அதிகம் என்று கண்டது. ஓய்வில்லாமல், வேகத்தைத் தானே தீர்மானிக்க முடியாமல், மணிக்கணக்கில் செய்யும் வேலை உடலைத் தேற்றுவதில்லை, தேய்க்கிறது. ஆக, ஒரு பக்கம் அசைவே இல்லாமல் நலியும் உடல். மறுபக்கம் ஓய்வே இல்லாமல் தேயும் உடல். பத்து நிமிட வசதி இந்த இரண்டையும் ஒருசேர உருவாக்குகிறது. உடல்நலம் பற்றிய பேச்சு வாங்குபவரோடு நின்றுவிடாமல், கொண்டுவருபவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நடப்பதற்கு இடம் எங்கே?

“தினமும் நடங்க” என்று மருத்துவர் எழுதிக்கொடுக்கிறார். எங்கே நடப்பது? நடைபாதை தொடங்கிப் பத்தடி தூரத்தில் மின்பெட்டி நிற்கும். சுற்றிப்போகச் சாலையில் இறங்கினால் முதுகுக்குப் பின்னால் ஆட்டோ ஒலியெழுப்பும். மறுபடி ஏறலாமென்றால், மூட்டுவலிக்காரர் ஏற முடியாத உயரத்தில் விளிம்புக் கல். ஏறினால் வரிசையாக நிறுத்திய பைக்குகள். அதைத் தாண்டினால் மூடி உடைந்த மழைநீர் வடிகால். அறுபது வயது அம்மா ஒருவர் இந்தப் பாதையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதைவிட, செயலியில் காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டிலேயே இருக்கலாம் என்று முடிவெடுத்தால், அவரைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

கொள்கைக்குக் குறைவில்லை. சென்னை மாநகராட்சி 2014இலேயே, நாட்டில் முதன்முதலாக, மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60% நடைபாதைக்கும் மிதிவண்டிக்கும் என்று அது சொல்கிறது. 2019இல் தியாகராய நகர் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டபோது, இடம் கொடுத்தால் மக்கள் நடப்பார்கள் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைப்பயிற்சிப் பாதைக்காக ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் தொடங்கியது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், நல்ல நடைபாதை என்பது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது கூறு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றே கூறிவிட்டது. இனி நிறைவேற்றம்தான் பாக்கி.

நிறைவேற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம். சென்னையில் ஏசியாட் காலனி மக்களிடம் 1990களின் பிற்பகுதியில் நீரிழிவு ஆய்வு நடந்தது. ஆய்வாளர்கள் உடற்பயிற்சியின் தேவையை எடுத்துச்சொன்னார்கள். குடியிருப்பு மக்களே பணம் திரட்டி ஒரு பூங்காவை அமைத்தார்கள். வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் முதலில் 14.2% பேர், சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது 58.7% பேர். அந்த மக்களின் மன உறுதி திடீரென்று நான்கு மடங்கு கூடிவிடவில்லை. வாசலுக்குப் பக்கத்தில் நடக்க ஓர் இடம் கிடைத்தது; அவ்வளவுதான். ஆனால், பணம் திரட்ட முடிந்த நடுத்தர வர்க்கக் குடியிருப்புக்குச் சாத்தியமானது குடிசைப் பகுதிக்கும் கிடைக்க வேண்டுமென்றால், அரசுதான் அந்த இடத்தில் நிற்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

நடைபாதைக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு என்பதை ஒவ்வொரு மாநகராட்சியும் ஆண்டுதோறும் வார்டு வாரியாக வெளியிட வேண்டும். புதிதாகச் சாலை போடும்போது நடைபாதை இல்லாத திட்டத்துக்கு ஒப்புதல் தரக் கூடாது.

பேருந்து ஏறுபவர் இரு முனையிலும் நடக்கிறார். எனவே பொதுப் போக்குவரத்துக்குச் செலவழிக்கும் பணம் மக்கள் நலத்துக்குச் செலவழிக்கும் பணமும்தான். 2021இல் தொடங்கிய மகளிருக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் லட்சக்கணக்கான பெண்களை வீட்டைவிட்டு வெளியே வரவைத்திருக்கிறது. அந்த நிறுத்தங்களுக்குப் போகும் தெருக்களில் விளக்கும் நிழலும் இருந்தால், அதன் பயன் இன்னும் பெருகும்.

பள்ளிகளில் உடற்கல்விப் பாடவேளையை மற்ற பாடங்கள் விழுங்குவதை நிறுத்த வேண்டும். பொதுத்தேர்வு வகுப்புகளுக்கு அது இன்னும் முக்கியம். பள்ளி மைதானங்களைப் பாதுகாப்போடு மாலையில் ஊர் மக்களுக்கு, முதலில் பெண்களுக்கு, திறந்துவிடலாம். புதிய கட்டடங்களில் லிஃப்ட் முன்னால் பளபளக்க, படிக்கட்டு தீயணைப்புக் கதவுக்குப் பின்னால் இருட்டில் ஒளிந்திருக்கிறது. வெளிச்சமும் காற்றும் உள்ள படிக்கட்டைக் கண்ணில் படும் இடத்தில் வைக்கக் கட்டட விதிகளில் இடம் வேண்டும். முடியாதவர்களுக்கு லிஃப்ட் கட்டாயம் இருக்க வேண்டும். முடிந்தவர்களுக்குப் படி அழைப்பாக இருக்க வேண்டும்.

விரைவு விநியோக நிறுவனங்கள் பணியாளர்களின் ஓய்வு நேரத்தையும் ஒரு நாளுக்கான பணி அளவையும் வரையறுக்கச் சட்டம் தேவை. வீடுகளுக்குள்ளும் ஒரு மாற்றம் வேண்டும். கிரைண்டர் மிச்சப்படுத்திய நேரத்தில் அரைமணி அம்மாவுக்கு, மனைவிக்கு, மகளுக்கு என்று ஆண்கள் சமையலறையில் நின்று உறுதிசெய்ய வேண்டும். இதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

வரப்போகும் கருவிகள் நம்மை நலிவடையச் செய்யுமா என்ற கேள்விக்கு விடை அந்தக் கருவிகளிடம் இல்லை. முதுகை ஒடிக்கும் வேலை எதுவாக இருந்தாலும் இயந்திரத்திடம் கொடுத்துவிடலாம். மலக்குழியில் இறங்கும் வேலையை இன்றைக்கே கொடுத்தாக வேண்டும். நடையையும் படியையும் விளையாட்டையும் கொடுக்கக் கூடாது. அவற்றைக் காப்பாற்ற அறிவுரைகள் உதவாது. நடைபாதை, பூங்கா, பேருந்து, மைதானம், ஓய்வு நேரம் ஆகியவைதான் உதவும். ஓர் அரசு புதிய தொழில்நுட்பப் பூங்காவுக்கு நிலம் ஒதுக்கும் அதே வேகத்தில் ஒவ்வொரு வார்டிலும் மக்கள் நடக்க நிலம் ஒதுக்கினால், எவ்வளவு வசதி வந்தாலும் நம் பிள்ளைகள் வலுவாகவே வளர்வார்கள். ஒதுக்காவிட்டால், மிச்சமான நேரத்தை மருத்துவமனை வரிசைகளில் செலவழிக்க வேண்டிவரும். எந்த வழி என்பதை நம் உள்ளாட்சிகளின் வரவுசெலவுத் திட்டம் ஒவ்வோர் ஆண்டும் தீர்மானிக்கிறது. அந்தத் திட்டத்தில் நடப்பவர்களுக்கு எவ்வளவு பங்கு என்று கேட்பது இனி நம் கடமை.